மாணவர்களின் நடுவே ஒரு வாழ்க்கை: ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய்

நமது சங்கக் கூட்டங்களில் குரு பக்தியைப் பற்றிப் பேசாத பேச்சாளர் அபூர்வம். சிஷ்யன் குருவிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நம்மிடம் கதைகளுக்குப் பஞ்சமில்லை. குரு சிஷ்யனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அங்கத்தினர்களில் பலர் ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள், சிலர் இன்னும் கற்பித்து வருகிறவர்கள். அவர்களை மனதில் வைத்தே இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன். இந்த இரண்டாவது விஷயத்துக்கு எனக்குத் தெரிந்தவரை ஆசார்ய பிரபுல்ல சந்திர ராயை விடச் சிறந்த உதாரணம் இல்லை.

பெங்கால் கெமிக்கல் கம்பெனியை ஸ்தாபித்தவர் என்ற அளவில் அவர் பெயரைப் பலர் கேட்டிருப்பார்கள். அந்தக் கம்பெனியின் பினாயிலும் அந்துருண்டையும் எத்தனையோ வீடுகளுக்குள் வந்திருக்கின்றன. ஆனால் அவரை அறிந்தவர்கள் எல்லோரும் அவரை முதலில் ஆசிரியராகவே நினைவு கூர்ந்தார்கள். ஆசார்யர் என்ற பட்டம் எந்த சர்க்காரும் கொடுத்ததல்ல. சர்க்கார் கொடுத்தது 1919-ல் ‘சர்’ பட்டம். மாணவர்களும் ஜனங்களும் கொடுத்ததுதான் நிலைத்தது.

அவர் 1861 ஆகஸ்ட் 2-ந் தேதி, அப்போது ஜெஸ்ஸூர் ஜில்லாவில் இருந்த ராருலி கிராமத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் வங்காள தேசத்தின் குல்னா ஜில்லாவில் இருக்கிறது. தகப்பனார் ஹரீஷ் சந்திர ராய் ஜமீன்தார், புஸ்தகப் பிரியர். பிள்ளைகளின் படிப்புக்காக 1870-ல் குடும்பம் கல்கத்தா சென்றது. ஹேர் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தபோது பையனுக்குக் கடுமையான சீதபேதி கண்டு படிப்பு நின்றது. ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷம் வீட்டிலேயே இருந்தான். ஆயுள் முழுதும் அஜீரணமும் தூக்கமின்மையும் அவரை விடவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் பரீட்சை, பாடத் திட்டம், வாத்தியார் எதுவும் இல்லாமல் தகப்பனாரின் புஸ்தக அலமாரியில் புகுந்து விளையாடினான். தன்னிஷ்டப்படி படிப்பதன் ருசி அப்போது ஏற்பட்டது. பரீட்சைக்காகப் படிக்கும் படிப்பை அவர் பிற்காலத்தில் கடுமையாகத் தாக்கியதற்கு மூலகாரணம் இந்த வியாதிதான் என்பது என் அபிப்பிராயம்.

மறுபடியும் கல்கத்தா. பள்ளிப் படிப்பை முடித்து, வித்யாசாகர் நடத்திய மெட்ரொபாலிடன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சம்பளம் குறைவு. தவிர சுரேந்திரநாத் பானர்ஜி இங்கிலீஷ் பாடம் எடுத்தார். ரசாயனத்துக்கு மட்டும் பிரெஸிடென்ஸி கல்லூரிக்குப் போய் வெளி மாணவராக உட்கார வேண்டும். அங்கே பாடம் எடுத்தவர் அலெக்ஸாண்டர் பெட்லர் என்ற ஆங்கிலேயர். சோதனைகளைக் கண் முன்னால் அப்பழுக்கில்லாமல் செய்து காட்டுவதில் அவர் கைதேர்ந்தவர். ராய்க்கு அதுவரை இலக்கியத்தில்தான் நாட்டம். பெட்லரின் மேஜை அந்த நாட்டத்தைத் திருப்பிவிட்டது. நண்பன் ஒருவனோடு சேர்ந்து ஜாகையிலேயே ஒரு சின்ன லாபரட்டரி வைத்து, வகுப்பில் பார்த்ததைத் தாமே செய்து பார்க்கப் போய், ஒரு தடவை ஓட்டை உபகரணம் வெடித்து மயிரிழையில் தப்பினார்கள்.

1882-ல் கில்கிறைஸ்ட் ஸ்காலர்ஷிப் கிடைத்து எடின்பரோ சென்றார். அங்கே கிரம் பிரவுன் என்ற பெயர் பெற்ற ரசாயனப் பேராசிரியரிடம் படித்து 1887-ல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். 1888-ல் ஊர் திரும்பினால் வேலை இல்லை. கிட்டத்தட்ட ஒரு வருஷம் நண்பர் ஜகதீஷ் சந்திர போஸின் வீட்டில் பொழுதைக் கழிக்க வேண்டியிருந்தது. கடைசியில் 1889-ல் பிரெஸிடென்ஸி கல்லூரியில் தாற்காலிக உதவிப் பேராசிரியர் வேலை, மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் கிடைத்தது. அதே தகுதியுள்ள வெள்ளைக்காரர் என்றால் உயர்ந்த சர்வீஸில், பல மடங்கு சம்பளத்தில் நுழைந்திருப்பார். இந்த அநீதியை முறையிடப் போனவரிடம் கல்வி இலாகாவின் தலைவர், இந்த வேலையை ஏற்கும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்ற தோரணையில் பதில் சொன்னாராம். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். மேலதிகாரியிடம் இப்படிப்பட்ட பதில் கிடைத்தால் சாதாரண மனிதன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். சம்பளத்துக்குத் தக்கபடி வேலையை அளந்து செய்வான். ராய் அதைச் செய்யவில்லை.

அவர் செய்தது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலாவதாக, கல்லூரியில் எவ்வளவு சீனியர் ஆனபோதும் ஆரம்ப வகுப்புகளை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பெரிய பேராசிரியர்கள் எம்.ஏ., எம்.எஸ்ஸி. வகுப்பு மட்டும் எடுத்து, புதிதாக வரும் பிள்ளைகளை ஜூனியர்களிடம் தள்ளிவிடுவது அன்றும் இன்றும் உள்ள வழக்கம். ராய் இதற்கு நேர் மாறாக நினைத்தார். களிமண் ஈரமாக இருக்கும்போதுதான் குயவன் கைக்கு வசப்படும் என்பது அவர் கட்சி. பள்ளியிலிருந்து நேராக வருகிற பதினாறு, பதினேழு வயதுப் பையன் கண்ணில் முதன்முதலில் படுகிற ரசாயன ஆசிரியர் தாமாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

அந்த வகுப்பு எப்படி இருக்கும்? நோட்ஸ் சொல்லி எழுத வைப்பது கிடையாது. ஆக்ஸிஜனைப் பற்றிய பாடம் என்றால், அதைக் கண்டுபிடித்த ப்ரீஸ்ட்லியும் ஷீலேயும் லவாஸியேயும் பட்ட பாடு கதையாக வரும். இடையிடையே வங்காளியில் பேச்சு, வேடிக்கை, ஷேக்ஸ்பியர். மேஜை மேல் சோதனை. எலும்பைச் சுட்டால் கிடைக்கும் சாம்பல் வெறும் கால்சியம் பாஸ்பேட்தான் என்று சொல்லிவிட்டு, அதில் ஒரு சிட்டிகை எடுத்துத் தம் வாயில் போட்டுக்கொள்வாராம். ஆசாரமான குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அதிர்ந்து போயிருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. நம் வாசகர்களிலும் சிலர் இந்த இடத்தில் முகம் சுளிக்கலாம். ஆனால் ஒரு பொருள் வேறு பொருளாக மாறிவிட்டால் அதன் பழைய அடையாளம் அதில் இல்லை என்ற ரசாயனத்தின் அடிப்படை, அந்த ஒரு சிட்டிகையால் பையன் மனதில் ஜன்மத்துக்கும் மறக்காமல் பதிந்துவிடும். 1960-களின் கடைசியில் நான் பி.எஸ்ஸி. படித்தபோது எங்களுக்கு இதே பாடம் கரும்பலகையில் ஒரு சமன்பாடாக வந்து போயிற்று. அந்த சமன்பாடு இன்று எனக்கு ஞாபகமில்லை.

எலும்பு விஷயத்தில் இன்னொரு கதையும் உண்டு. 1892-ல் அப்பர் சர்க்குலர் ரோடு 91-ம் நம்பர் வாடகை வீட்டில், சுமார் 700 ரூபாய் முதலில் பெங்கால் கெமிக்கலை ஆரம்பித்தார். பாஸ்பேட் உப்புகள் தயாரிக்க மாட்டெலும்பைக் கொண்டுவந்து மொட்டை மாடியில் உலர்த்தினார். காக்கைகள் கூடின, அண்டை வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு பாழ்நிலத்தில் கொண்டுபோய் இரவில் கொளுத்தினால், ஏதோ கொலையை மறைக்கிறார்கள் என்று போலீஸ் வந்துவிட்டது! கல்லூரி நேரம் போக மீதி நேரத்தில் ஒரு பேராசிரியர் இப்படியெல்லாம் அலைந்தார் என்றால், அது லாபத்துக்காக அல்ல. பி.ஏ. படித்த வங்காளிப் பையன் குமாஸ்தா வேலைக்கு மனுவோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவதை அவரால் சகிக்க முடியவில்லை. படித்த படிப்பைக் கொண்டு ஒரு தொழில் செய்து பிழைக்க முடியும் என்று மாணவர்களுக்கு வாயால் சொல்லாமல் செய்து காட்டினார். சர்க்கார் உத்தியோக மோகத்தை அவர் விளாசியிருப்பதைப் படிக்கும்போது, பென்ஷன் வாங்கிக்கொண்டு இதை எழுதும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வகுப்பு முடிந்த பிறகுதான் உண்மையான பாடம் ஆரம்பிக்கும். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏழைப் பையன்களுக்குச் சம்பளம் கட்டுவது, புஸ்தகம் வாங்கிக் கொடுப்பது, உடம்பு சரியில்லாதவனை விசாரிப்பது எல்லாம் அவர் வேலை. மாலையில் மைதானத்துக்கு உலாவப் போகும்போது கூடவே ஒரு கூட்டம் போகும். அங்கே ரசாயனமும் பேசுவார்கள், அரசியலும் பேசுவார்கள். ஸந்தோஷம் வந்தால் பையன் முதுகில் ஒரு குத்து விழும்; அந்தக் குத்து வாங்கியதைக் கிழவர்களான பிறகும் பெருமையாகச் சொல்லிக்கொண்ட மாணவர்கள் உண்டு. காந்திஜி கல்கத்தாவில் கோகலேயின் வீட்டில் தங்கியிருந்தபோது கோகலே ராயை அவருக்கு அறிமுகம் செய்து வைத்தார். 800 ரூபாய் சம்பளத்தில் தமக்கென்று 40 ரூபாய் மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்துவிடுகிறவர் என்று கோகலே சொன்னதைக் காந்திஜி தமது சுயசரிதையில் குறித்திருக்கிறார்.

இனி ஆராய்ச்சி. 1896-ல் அவர் மெர்க்குரஸ் நைட்ரைட் என்ற புதிய உப்பைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அதுவே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. இதற்குப் பிறகு நைட்ரைட்டுகள் அவருடைய தனிச் சொத்து மாதிரி ஆயிற்று. ஆனால் சொத்தைத் தனியாக அனுபவிக்கவில்லை. ஆய்வில் கூட உழைத்த மாணவன் பெயர் கட்டுரையில் தம் பெயரோடு வரும். 1912-ல் லண்டனில் அம்மோனியம் நைட்ரைட்டைப் பற்றிய கட்டுரையை அவர் படித்தார். சிதைந்து போகாமல் ஆவியாக்கவே முடியாது என்று கருதப்பட்ட பொருள் அது. அதை முடித்துக் காட்டிய அந்தக் கட்டுரையில் நீல் ரத்தன் தர், தின்கவுரி தே என்ற இரண்டு மாணவர்களின் பெயர்களும் இருந்தன. கொஞ்சம் கால் ஊன்றியதும் பையனைத் தனியே விட்டுவிடுவார். ரசிக் லால் தத்தா இப்படித்தான் சீக்கிரமே சுயமாக ஆராய்ச்சி செய்யத் தொடங்கினார். ஞான் சந்திர கோஷ் 1918-ல் உப்புக் கரைசல்களின் மின் கடத்தும் தன்மை பற்றி எழுதிய கட்டுரைகளில் குருவின் பெயர் கிடையாது. அதை ஐரோப்பிய விஞ்ஞானிகள் கவனித்துப் பேசினார்கள் என்பதில் குருவுக்கு ஏற்பட்ட பெருமைக்கு அளவே கிடையாது. கோஷின் கொள்கை பின்னால் டிபை, ஹுக்கெல் இருவரின் கொள்கை வந்ததும் பின் தள்ளப்பட்டது என்பது வேறு விஷயம். ஆராய்ச்சி நிலையங்களில் இருந்த நம் அங்கத்தினர்களுக்கு, மாணவன் உழைப்பில் தலைவர் பெயர் முதலில் வருகிற கதைகள் நிறையத் தெரிந்திருக்கும். நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

1909-ம் வருஷத்தை ராய் தம் வாழ்க்கையின் பொன்னான வருஷமாகக் கருதினார். அந்த வருஷம் பிரெஸிடென்ஸி கல்லூரியில் சேர்ந்தவர்களில் ஞான் சந்திர கோஷ், ஞானேந்திர நாத் முகர்ஜி, புலின் பிஹாரி ஸர்க்கார், சத்யேந்திர நாத் போஸ் எல்லோரும் இருந்தார்கள். 1911-ல் டாக்காவிலிருந்து மேகநாத் சாஹா வந்து சேர்ந்தார். போஸும் சாஹாவும் ரசாயனத்தை விட்டுக் கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் போனார்கள். அதனால் அவர்கள் மேல் ராய்க்கு இருந்த அன்பு குறையவில்லை.

சாஹாவைப் பற்றி நமது பத்திரிகையில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. கிராமத்துச் சின்ன மளிகைக் கடைக்காரரின் பிள்ளை. தாழ்ந்ததாகக் கருதப்பட்ட ஜாதி. ஈடன் ஹிந்து ஹாஸ்டலில் மேல்ஜாதி மாணவர்கள் அவரோடு பந்தியில் உட்கார மறுத்தார்கள். தனியே சாப்பிட வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் நட்சத்திரங்களின் ஒளியைப் படிக்கும் சூத்திரத்தை 1920-ல் உலகத்துக்குக் கொடுத்த மனிதர் அவர். ராய் பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். ஜாதி வேற்றுமையை எழுத்திலும் பேச்சிலும் கண்டித்தவர். அவர் அறையில் பந்தி கிடையாது. ஹாஸ்டலில் அந்தப் பையனுக்கு இல்லாத இடம் ஆசிரியரின் பக்கத்தில் இருந்தது. ஒரு மாணவனை ஊக்கப்படுத்துவது என்றால் பிரசங்கம் செய்வது என்று நினைக்கிறோம். சில மாணவர்களுக்கு வேண்டியது பிரசங்கமே அல்ல, உட்கார ஓர் இடம்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் எந்தப் பந்தியில் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தால் நமக்கு அது சுகமான யோசனையாக இராது. ஆனாலும் யோசிக்கத்தான் வேண்டும்.

1916-ல் 27 வருஷ சர்வீஸுக்குப் பிறகு பிரெஸிடென்ஸி கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். அந்தச் சமயம் அசுதோஷ் முகர்ஜி, தாரக்நாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் ஆகியோரின் பெருங்கொடையைக் கொண்டு கல்கத்தா சர்வகலாசாலையின் சயன்ஸ் காலேஜைத் தொடங்கியிருந்தார். அங்கே ராய் ரசாயனத்துக்குப் பாலித் பேராசிரியரானார். அடுத்த வருஷம் பௌதிகத்துக்குப் பாலித் பேராசிரியராக வந்தவர்தான் நம் சி.வி. ராமன். அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு அவர் வந்த கதை அங்கத்தினர்களுக்குத் தெரிந்ததே. ராய் அதே கட்டிடத்தின் மாடியில் ஓர் அறையில் குடியேறினார். கட்டில், மேஜை, புஸ்தகங்கள். கதர் உடை. கடைசி வரை அதுவே அவர் வீடு. ஏழை மாணவர்கள் சிலர் அவரோடேயே தங்கியிருந்தார்கள். 1980-களில் உத்தியோக நிமித்தம் மூன்று வருஷம் கல்கத்தாவில் இருந்தபோது அந்தக் கட்டிடத்தின் வழியாக டிராமிலும் பஸ்ஸிலும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்த ரஸ்தாவுக்கு இப்போது அவர் பெயர்தான்.

1921-ல் அவருக்கு 60 வயது நிறைந்தது. அன்று முதல் தம் சம்பளம் முழுவதையும் ரசாயன இலாகாவின் வளர்ச்சிக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் செலவிடும்படி சர்வகலாசாலைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். 1936-ல் ஓய்வு பெறும் வரை 15 வருஷம் இப்படியே நடந்தது. 1924-ல் இந்தியன் கெமிக்கல் சொஸைட்டி ஆரம்பமானபோது அவரே முதல் தலைவர்; அதைத் தொடங்க ஓடியாடியவர்கள் அவருடைய சிஷ்யர்கள்.

1922 செப்டம்பரில் வட வங்காளத்தில் பெரு வெள்ளம். நிவாரணக் கமிட்டிக்கு ராயைத் தலைவராக்கினார்கள். சயன்ஸ் காலேஜே நிவாரண ஆபீஸாக மாறியது. லாபரட்டரி மாணவர்கள் அரிசி மூட்டை கட்டினார்கள், பழந்துணிகளைப் பிரித்து அடுக்கினார்கள், கணக்கு எழுதினார்கள். அப்போது பேராசிரியராகிவிட்ட மேகநாத் சாஹா முன்னின்று உழைத்தார். சுபாஷ் சந்திர போஸ் வெள்ளப் பிரதேசத்துக்குச் சென்று வேலை செய்தார். பணமும் பொருளுமாகச் சுமார் 25 லட்சம் ரூபாய் சேர்ந்தது என்பது கணக்கு. அந்த நாளில் அது எவ்வளவு பெரிய தொகை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இத்தனை மாணவர்கள் கூப்பிட்டவுடன் எப்படி வந்தார்கள் என்று ஆச்சரியப்பட்டவர்கள், முந்தைய முப்பது வருஷமாக அவர் அவர்களோடு மைதானத்தில் நடந்ததை மறந்துவிட்டார்கள்.

குறையே இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். ஒரே மனிதர் கல்லூரி, கம்பெனி, கதர், வெள்ள நிவாரணம், இரண்டு பாகங்களில் ஹிந்து ரசாயன சரித்திரம் என்று பத்துக் காரியங்களை இழுத்துப் போட்டுக்கொண்டால் சொந்த ஆராய்ச்சி ஆழம் குறையத்தான் செய்யும். ரசாயன விஞ்ஞானி என்ற முறையில் மட்டும் எடை போட்டால், உலகத்தின் முதல் வரிசையில் அவரை உட்கார வைக்க முடியாது. அவர் பெயரில் ஒரு விதியோ சூத்திரமோ இல்லை. போஸ் பெயரிலும் சாஹா பெயரிலும் இருக்கின்றன. இது அவருக்கு நன்றாகத் தெரியும். தம் சுயசரிதையில் சொந்தக் கண்டுபிடிப்புகளுக்குக் கொடுத்த இடத்தோடு ஒப்பிட்டால், மாணவர்களின் வேலைக்கு ஒதுக்கிய பக்கங்கள் தாராளமானவை. சிஷ்யன் தன்னை மிஞ்சுவதைக் குற்றமாக எண்ணாத குருமார்கள் உண்டு. அதற்காகவே உழைத்த குருமார்கள் எத்தனை பேர்?

சிஷ்யர்கள் எங்கெங்கோ பரவினார்கள். நீல் ரத்தன் தர் அலகாபாத்தில் மண் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் கட்டினார். முகர்ஜி டில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். கோஷ் பெங்களூர் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் சயன்ஸில் டைரக்டராக இருந்து, பின்னர் காரக்பூரில் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தொடங்கியபோது அதன் முதல் டைரக்டரானார். நம் அங்கத்தினர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் இன்று படிக்கிற எத்தனையோ நிலையங்களுக்கு வேர் தேடிப் போனால், அப்பர் சர்க்குலர் ரோடு மாடி அறையில் போய் நிற்கும். குத்ரத்-இ-குதா என்ற மாணவர் தேசப் பிரிவினைக்குப் பின் டாக்கா சென்று, அங்கே விஞ்ஞானக் கல்விக்கு அஸ்திவாரம் போட்டார். வங்காளத்தின் பிரதம மந்திரியாக இருந்த பஸ்லுல் ஹக்கும் பிரெஸிடென்ஸியில் ராயிடம் ரசாயனம் படித்தவரே.

1936-க்குப் பிறகும் அறையைக் காலி செய்யும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. கண் பார்வை மங்கியது, உடம்பு தளர்ந்தது. மாணவர்கள் வந்து படித்துக் காட்டினார்கள். ஷேக்ஸ்பியரைப் பற்றி அந்த வயதில் கட்டுரைகள் எழுதினார். 1944 ஜூன் 16-ந் தேதி, 83-வது வயது நடந்துகொண்டிருக்கும்போது, அதே சயன்ஸ் காலேஜ் அறையில் காலமானார். கீழே லாபரட்டரிகளில் அன்று வேலை செய்துகொண்டிருந்தவர்களில் பலர், அவருடைய மாணவர்களின் மாணவர்கள்.